நாட்டி மேடம்

எங்கள் கம்பெனியில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் நாட்டி மேடம். சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கிய அட்டையில் அழகாக அச்சடித்திருந்தது. அது இங்கே வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொல்கிறார் என்று என் பக்கத்தில் வேலை செய்கிற ஸ்டெல்லா ஒருமுறை எண்ணிப் பார்த்தாள். காலை டீ வருவதற்குள் விரல் தீர்ந்துபோய் விட்டுவிட்டாள்.

தேர்வாய் கண்டிகை இண்டஸ்ட்ரியல் பார்க்கில், காருக்குள் ஓடும் ஒயர்களைக் கொத்துக் கொத்தாகக் கட்டித் தருகிற கம்பெனி அது. லைனில் நிற்பவர்கள் முக்கால்வாசி பெண்கள். மேடம் எங்களுக்கு வெல்ஃபேர் ஆபீசர். அதற்கு முன்பு திருவள்ளூரில் ஒரு நர்சரி ஸ்கூலில் ஆறு வருஷம் டீச்சராக இருந்தாராம். ஸ்கூலை விட்டு வந்தாரே தவிர, அந்த வகுப்பைவிட்டு அவர் வெளியே வரவேயில்லை. எங்களைப் பார்த்தால் தலையை ஒரு பக்கம் சாய்ப்பார். ஆள்காட்டி விரலைத் தூக்குவார். புருவத்தைச் சுருக்குவார். “நாட்டி கேர்ள்!”

லேட்டாக வந்தால் நாட்டி. சாம்பார் இரண்டாம் தடவை கேட்டால் நாட்டி. ஓவர்டைமுக்கு வர முடியாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அதைவிட நாட்டி. கையுறை கிழிந்துவிட்டது, வேறு கொடுங்கள் என்று கேட்டவளிடம், “அதுக்குள்ள கிழிச்சுட்டியா, நாட்டி?” என்று கேட்டார், அவள் என்னவோ பொம்மையை உடைத்துவிட்ட மாதிரி. பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்கிவிட்ட மழையைக்கூட ஒருநாள் ‘நாட்டி ரெய்ன்’ என்றார். மேலே இருப்பவர்கள் பக்கம் திரும்பும்போது மட்டும் அதே வார்த்தை நீண்டு குழையும். விரல் கீழே இறங்கிவிடும். “ஸார், யூ ஆர் வெரி நாஆஆட்டி!” என்று சொல்லிச் சிரிப்பார். ஸார்களும் சிரிப்பார்கள்.

ஸ்டெல்லா லைனில் எனக்குப் பக்கத்து போர்டு. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திரா ஓரத்து ஊர். அவள் நைனா காலம் வரைக்கும் அடுத்தவர் கழனியில் நடவு, அறுப்பு. இவள் காலத்தில் கம்பெனி. வாயைத் திறந்தால் ஒரு வசனம் விழும், அதற்காகவே அவளோடு சேர்ந்து சாப்பிட உட்காருவேன்.

“மேடத்துக்கு நாம்ப எல்லாம் எல்.கே.ஜி.தான்க்கா. ரிடையர் ஆவற அன்னிக்குதான் யு.கே.ஜி.க்குப் போவோம்” என்பாள்.

திருவள்ளூர் ஸ்டேஷன் வாசலில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய அகராதி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அந்த வார்த்தையைத் தேடிப் பார்த்தேன். குழந்தைகளைப் பற்றிச் சொல்லும்போது, குறும்பு செய்கிற, சொன்ன பேச்சைக் கேட்காத. பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது, கொஞ்சம் ஆபாசமான, ஆனால் சிரித்துக்கொண்டே விட்டுவிடக்கூடிய. யாருக்கு எந்த அர்த்தம் என்று அகராதி அதற்குமேல் சொல்லவில்லை. மேடத்துக்குத் தெரிந்திருந்தது. மெமோ வாங்குகிறவர்களுக்கு முதல் அர்த்தம். மெமோ கொடுக்கிறவர்களுக்கு இரண்டாவது.

ஒரு மாதத்தில் மூன்று நாள் லேட்டானால் டைம் ஆபீஸ் கடிகாரத்துக்குக் கீழே பத்து நிமிஷம் நிற்க வேண்டும். இது கம்பெனி ரூல் புத்தகத்தில் கிடையாது. மேடத்தின் நர்சரியில் இருந்து வந்தது. ஆர்.கே.பேட்டையிலிருந்து வருகிற ஒரு அக்கா. அவர்கள் பஸ் அடிக்கடி வழியில் நின்றுவிடும். பெண்ணைக் கட்டிக் கொடுத்து, பேத்தியும் பார்த்துவிட்டவர். அவரையும் ஒருநாள் கடிகாரத்துக்குக் கீழே நிற்க வைத்தார்.

“மேடம், எம் மருமவன் இதே பார்க்ல பக்கத்து கம்பெனி. பார்ட்ஸ் எத்திகினு இங்கதான் வந்து போய்க்கினு இருப்பாரு. பாத்தா இன்னா நெனப்பாரு?”

“அப்ப நாளையிலேர்ந்து சீக்கிரம் வருவீங்க இல்ல? குட் கேர்ள்!”

பேத்தி எடுத்த அந்த குட் கேர்ள், தொப்பியை நெற்றிக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பத்து நிமிஷமும் தரையைப் பார்த்தே நின்றார். மருமகன் வரவில்லை. வந்திருந்தாலும் மேடம் அவரையும் செல்லமாக விரல் தூக்கிக் கூப்பிட்டிருப்பார்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒருநாள் நாஷ்டா சாப்பிடாமல் வந்த ஒரு பெண் லைனில் மயங்கி விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருமட்டும் மேடம் காத்திருக்கவில்லை. தன் காரில் போட்டு, டிரைவரை ஓட்டச் சொல்லிவிட்டு, தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அவள் கன்னத்தைத் தட்டி, “சாப்டாம வருவியா, நாட்டி? சாப்டாம வருவியா?” என்று சொல்லிக்கொண்டே போனார். கூடப் போன நான் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் இருந்தது. நிஜத் தண்ணீர்தான். விழுந்து கிடக்கிறவர்கள்மேல் அவருக்கு அன்பு உண்டு. எழுந்து நின்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அந்த அன்பு வற்றிவிடும்.

அவர் கையில் இருந்த பெரிய ஆயுதம் எக்ஸ்ப்ளனேஷன் லெட்டர். என்ன தப்பு நடந்தாலும், ஏன் நடந்தது என்று நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் வழக்கம். எங்களில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வராது என்று மேடமே கம்ப்யூட்டரில் அடித்து வைத்துவிடுவார். “இங்க ஒரு சைன். அவ்ளோதான்!” நாங்களும் போட்டுவிட்டுப் போய்விடுவோம். லைனுக்கு ஓட வேண்டுமே. எங்கள் தப்பு அவர் எழுதிய கதையாக ஃபைலில் தூங்கும். கான்ட்ராக்ட் புதுப்பிக்கிற மாதத்தில் எழுப்பி உட்கார வைப்பார்கள்.

என் மாமனார் செத்தபோது, சொல்லாமல் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டேன். திரும்பி வந்ததும் லெட்டர் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட்டு ஒரு காப்பியும் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். ‘நான் நாட்டியாக நடந்துகொண்டு லீவு எடுத்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று இருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் பிணம் கிடந்த இரண்டு நாளும், கம்பெனி ஃபைலில் நான் குறும்பு செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் அதுவும் ஒன்று.

எங்கள் லைனைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒயர் கட்டுகிற பெரிய பலகைகள், அதாவது போர்டுகள், வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்களும் கூடவே நடந்துகொண்டே ஒயரைப் பிடித்து, கிளிப் மாட்டி, டேப் சுற்ற வேண்டும். இரண்டு கையும் ஒயரில் இருக்கும். கையை விட்டால் போர்டு நகர்ந்துபோய்விடும். கிளிப் மாட்டாமல் போர்டு போனால் லைன் நிற்கும். யார் போர்டில் நின்றது என்று தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்து ஊருக்கே காட்டிக் கொடுக்கும். லைன் நின்றால் அது அங்கே கொலைக்குச் சமம்.

இது எங்கள் லைன் இன்சார்ஜுக்கு நன்றாகத் தெரியும். செக் பண்ணுகிற சாக்கில் பின்னால் வந்து நிற்பார். தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார். கை முதுகில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் இடுப்பில் இருக்கும். நாங்கள் என்ன செய்வோம்? டேப் சுற்றுவோம். உடம்பை முன்னால் வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒயரை விடாமல் நடப்போம். அவர் அடுத்த போர்டுக்குப் போவார். ஸ்டெல்லா இரண்டு தடவை மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் கன்னத்தில் கை வைத்துச் சிரித்தார்.

“அவரா? அவர் ஒரு நாட்டி பாய்! மனசுல ஒண்ணும் இல்ல. கண்டுக்காதீங்க.”

மூன்றாவது தடவை அவள் மேடத்திடம் போகவில்லை. காலை ஷிஃப்டில் பத்து மணி வாக்கில், ஒயரைக் கையிலிருந்து விட்டாள். திரும்பினாள். இன்சார்ஜ் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். போர்டு நகர்ந்து போனது. சிவப்பு விளக்கு எரிந்தது. லைன் நான்கு நிமிஷம் நின்றது.

அரை மணி நேரத்தில் மேடம் கூப்பிட்டுவிட்டார். தனியாகப் போக மாட்டேன் என்று ஸ்டெல்லா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மேஜைமேல் லெட்டர் தயாராக இருந்தது.

“ஸ்டெல்லா, அவர் கொஞ்சம் நாட்டி டைப்தான். எனக்குத் தெரியாதா? ஆனா நீங்க லைன நிறுத்திட்டீங்க. அது எவ்ளோ பெரிய தப்பு! சைன் பண்ணுங்க, நான் பேசி முடிச்சுடறேன்.”

“இன்னா எழுதிகீது இதுல?”

“சும்மா, எக்ஸ்ப்ளனேஷன்.”

ஸ்டெல்லா அதை என் பக்கம் தள்ளினாள். எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னேன். ‘நான் நாட்டியாக நடந்துகொண்டு லைனை நிறுத்திவிட்டேன். இனி இப்படிச் செய்ய மாட்டேன்.’

ஸ்டெல்லா பேப்பரைத் திருப்பி, பின்பக்கமும் பார்த்தாள்.

“அந்தக் கை எங்க மேடம்?”

“எந்தக் கை?”

“எம் இடுப்புல இருந்துச்சே, அவுரு கை. அத்தக் காணமே இதுல.”

“ஐயோ, அதெல்லாம் எழுதினா உங்களுக்குத்தாம்மா அசிங்கம்.”

“நாட்டின்றது எம் புள்ள செவுத்துல கிறுக்குனா நான் சொல்ற வார்த்த. நான் கிறுக்கல மேடம். அட்சேன். அவுரு கைய வெச்சாரு, நான் அட்சேன். அப்டியே எழுதுங்கோ. ஒண்ணு இல்ல, ஒம்போது கையெழுத்து போடறேன்.”

மேடத்தின் விரல் மேலே வந்தது. தலை சாய்ந்தது. “அடம் புடிக்கற குழந்தைக்கு நான் என்ன பண்ணுவேன் தெரியுமா?”

மறுநாள் காலையில் அது என்னவென்று தெரிந்தது. கேட்டில் ஸ்டெல்லாவின் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. கதவு திறக்கவில்லை. கையெழுத்துப் போட்டால் திறக்கும், போடாவிட்டால் வேலை கிடையாது என்று செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். ஸ்டெல்லா புருஷனுக்கு நிரந்தர வேலை இல்லை. இரண்டு பிள்ளை. இருந்தும் அவள் கையெழுத்துப் போடவில்லை. நடந்ததைத் தமிழில், முழு வெள்ளைத்தாளில் எழுதி, கேட்டிலேயே புகாராகக் கொடுத்து, வாங்கியதற்கு சீலும் போட வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இந்த மாதிரிப் புகாரை விசாரிக்க ஒரு கமிட்டி உண்டு. சட்டம் சொல்கிறது என்பதற்காக கேன்டீன் சுவரில் பேர்ப் பலகையும் மாட்டியிருந்தார்கள். தலைவர் யாரென்று நினைக்கிறீர்கள்? மேடம்தான். வெளியிலிருந்து ஒரு லேடி வக்கீல் மட்டும் அதில் உண்டு. வெள்ளிக்கிழமை வருகிறேன், அதற்குள் பக்கத்தில் நின்றவர்களின் வாக்குமூலத்தை எழுதி வையுங்கள் என்று அவர் போனில் சொல்லிவிட்டாராம். பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான்.

அந்த வாரம் பஸ்ஸில் என் காதில் விழுந்தவை கொஞ்சமில்லை. “ஊசி எடம் குடுக்காம நூல் நொழையுமா?” என்று ஒருத்தி சொன்னாள், அவள் இடுப்பிலும் அதே கை இருந்ததைப் பார்த்தவள் நான். ஜனங்கள் சொல்கிற சொலவடை எதுவானாலும் ஆசையாகக் கேட்டு மனதில் போட்டுவைக்கிற நான், அதை மட்டும் பஸ் ஜன்னல் வழியாகத் துப்பினேன். இன்னொருத்தி, “உனுக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? அடுத்த மாசம் உனுக்கும் கான்ட்ராக்ட் முடியுது, மேடம்தான் கையெழுத்து போடணும்” என்றாள். அது உண்மை. வியாழக்கிழமை மேடம் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார்.

“பயப்படாதீங்க. என்ன பாத்தீங்களோ சொல்லுங்க” என்றார்.

“பின்னால வந்து நின்னாரு மேடம். கைய அவ இடுப்புல வெச்சாரு. எடுக்கல. அவ அட்ச்ச பொறவுதான் எடுத்தாரு.”

தலையை ஆட்டிக்கொண்டே இங்கிலீஷில் எழுதினார். நான் சொன்னது நீளம், அவர் எழுதியது ஒரே வரி. பேப்பரை என் பக்கம் திருப்பி, பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டு படித்தேன். ‘அவர் ஸ்டெல்லாவிடம் கொஞ்சம் நாட்டியாக இருந்தார்.’

எங்கள் வீட்டுக் கூடம் ஞாபகத்துக்கு வந்தது. பேனாவை மேஜைமேல் வைத்தேன்.

“நான் இத்த சொல்லல மேடம்.”

“அதேதாம்மா இது. டீசன்ட்டா எழுதியிருக்கேன்.”

“இடுப்புன்னு எழுதுங்க. கைன்னு எழுதுங்க.”

“வக்கீல் படிப்பாங்க. மேனேஜ்மென்ட் படிப்பாங்க. அசிங்கமா இருக்காது?”

“செஞ்சா அசிங்கம் இல்ல, எழுதுனா அசிங்கமா?”

மேடம் என்னைப் பார்த்தார். விரல் தூக்கவில்லை. தலை சாயவில்லை. முதல் தடவையாக அவர் கழுத்து நேராக இருந்ததைப் பார்த்தேன். அந்த முகத்தில் அவர் வயது தெரிந்தது. கதவு மூடியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்:

“என்மேலயும்தான் கை வெச்சிருக்கான். மீட்டிங் ரூம்ல. பைல் குடுக்கற மாதிரி வந்து. நான் என்ன பண்ணேன்? ‘நாட்டி பாய்’னு சொல்லிச் சிரிச்சுட்டு நகர்ந்துட்டேன். அவனும் சிரிச்சான். முடிஞ்சுபோச்சு. சிரிக்கத் தெரியணும்மா. அவளும் சிரிச்சிருக்கலாம் இல்ல?”

ஒரு நிமிஷம் எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. சொன்னால் என்ன, வந்தது. நர்சரிப் பிள்ளைகளிடம் பழகிய வார்த்தையை, எந்த ரூமிலெல்லாம் கேடயமாகத் தூக்கிப் பிடித்திருப்பாரோ என்று தோன்றியது. மறு நிமிஷம் அந்த இரக்கம் போய்விட்டது. போனது போனதுதான், இன்றுவரை திரும்பவில்லை. ஒன்றும் தெரியாத அசடு என்று நினைத்துத்தான் இத்தனை நாள் அவரைச் சகித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கை எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஸ்டெல்லாவிடம் சைன் கேட்டிருக்கிறார். தெரிந்துகொண்டே கார்டை நிறுத்தியிருக்கிறார். நெருப்பில் கை சுட்டுக்கொண்டவன் அடுத்தவன் கையை வெளியே இழுத்துவிடுவான் என்றுதான் நான் கேள்விப்பட்டிருந்தேன். பிடித்து உள்ளே வைப்பவனை அன்றுதான் பார்த்தேன்.

“அவளுக்கு சிரிப்பு வரல மேடம்” என்றேன். “இடுப்புன்னு எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க. எழுதுனாத்தான் கையெழுத்து.”

புதுப் பேப்பர் எடுத்தார். எழுதினார். ‘இடுப்பு’ என்கிற இடம் வந்ததும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. நான் நகரவில்லை. எழுதி முடித்ததும் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் கான்ட்ராக்ட்டுக்கும் சேர்த்து அன்றைக்கே ஒரு முழுக்குப் போட்டதாகத்தான் நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வக்கீலம்மா வந்தார். ஸ்டெல்லா எழுதியதையும் நான் சொன்னதையும் படித்தார். இன்சார்ஜை அரை மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டார். ஸ்டெல்லாவின் கார்டை உடனே திறந்துவிடச் சொன்னார். அடுத்த வாரம் இன்சார்ஜ் லைனில் இல்லை. சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மேடம் எங்கும் போகவில்லை. அந்த மாதிரி ஆட்கள் போக மாட்டார்கள். அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட்டிலும் கையெழுத்துப் போட்டார், வக்கீலம்மா திரும்ப வருவாரோ என்கிற பயத்தில்.

வக்கீலம்மா வந்துபோன மறு திங்கட்கிழமை காலை, ஸ்டெல்லா திரும்ப வேலைக்கு வந்த நாள். பஸ்கள் வந்து நின்று, கேட்டில் பெரிய வரிசை. கதவுக்குப் பக்கத்தில், எங்களை வரவேற்கிற மாதிரி மேடம் நின்றுகொண்டிருந்தார். புதுப் புடவை. ஸ்டெல்லா கிட்டே வந்ததும் தலையைச் சாய்த்தார்.

“இன்னும் கோவமா? போதும் போதும். எங்க, பழம் விடு பாக்கலாம்!”

சொல்லிவிட்டு, சண்டை போட்ட பிள்ளைகள் ராசியாவதற்கு நீட்டுகிற மாதிரி, இரண்டு விரலைச் சேர்த்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நாற்பது பேருக்கு முன்னால்.

ஸ்டெல்லா அந்த விரலைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. வழியில் கிடக்கிற சைக்கிளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

“காயும் இல்ல, பழமும் இல்ல மேடம். வழிய வுடுங்கோ, பஞ்ச் பண்ணணும்.”

கார்டை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனாள். மேடம் சிரித்துக்கொண்டே, நீட்டிய விரலை எங்கே வைப்பது என்று தெரியாமல் அதே இடத்தில் நின்றார். நாங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனோம்.